காணாத குற்றம்

இரண்டு விமானங்கள் மாறாத வேகத்தில், மாறாத திசையில், மோதும் பாதையில் வந்துகொண்டிருந்தால், ஒன்றின் கண்ணாடியில் மற்றது நகரவே நகராது. விலகிக் கடந்து போகப்போகும் விமானம் கண்ணாடியின் ஓரத்தை நோக்கி மெல்ல நழுவும். மோதப்போவது மட்டும் ஒரே இடத்தில் நிற்கும். மனிதக் கண்ணோ அசைவுக்குப் பழகியது. ஓரக்கண்ணில் ஏதாவது அசைந்தால் தலை தானாகத் திரும்பும். அசையாததைப் பின்னணியோடு சேர்த்துத் தள்ளிவிடும். அந்தப் புள்ளியும் நெடுநேரம் புள்ளியாகவே இருந்துவிட்டு, கடைசிச் சில நொடிகளில்தான் சட்டென்று விரிந்து கண்ணாடியை நிறைக்கும். ஆபத்தில்லாத விமானம் எளிதில் கண்ணில் படும், ஆபத்தானது படாது என்பதுதான் இதன் பொருள். ஆனாலும், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறு விமான நிலையங்களைச் சுற்றிப் பறப்பவர்களின் உயிரைக் கடைசியில் தாங்கி நிற்பது ‘பார்த்து விலகு’ என்ற ஒரே நெறிதான். அமெரிக்க விமானச் சட்டத்தின் 91.113-ஆம் பிரிவு, வானிலை இடம்கொடுக்கும்போதெல்லாம் ஒவ்வொரு விமானியும் பிற விமானங்களைக் கண்டு விலகும் விழிப்போடு இருக்க வேண்டும் என்கிறது. அந்த நாட்டில் பொதுப் பயன்பாட்டுக்கு இருக்கும் சுமார் 5,000 விமான நிலையங்களில் கோபுரம் உள்ளவை ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். பறக்கக் கற்றுக்கொள்பவர்களில் பலர் கோபுரமில்லாத இடங்களில்தான் வட்டமடிக்கிறார்கள். கண்ணால் முடியாததைக் கண்ணின் கடமை என்று விதிக்கலாமா? காணத் தவறியவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியுமா?

கண்ணின் இயலாமையை முதலில் அளந்து பார்த்துவிடலாம். அமெரிக்க விமானத் துறை விமானிகளுக்கு வெளியிட்டிருக்கும் ஆலோசனைச் சுற்றறிக்கை ஒன்றில் ஒரு பட்டியல் உண்டு. ஒரு பொருள் கண்ணில் பட 0.1 நொடி, அது விமானம் என்று புரிய 1 நொடி, மோதும் பாதையில் வருகிறது என்று உணர 5 நொடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 நொடி, கைகால் இயங்க 0.4 நொடி, விமானம் திரும்பத் தொடங்க 2 நொடி. ஆக மொத்தம் 12.5 நொடி. தலா 100 நாட் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு பயிற்சி விமானங்கள் அந்த நேரத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் நெருங்கிவிடும். அவ்வளவு தூரத்தில் நேர் எதிரே வரும் செஸ்னா வகைச் சிறு விமானத்தின் உடல், நீட்டிய கையின் விரல் நுனியில் ஒட்டிய ரவைத் துகள் அளவுதான் தெரியும். இருபுறமும் இறக்கை ஒரு மெல்லிய கோடு. இந்தத் துகளைத் தேட வேண்டிய கண்ணின் கூர்மையான பகுதி இரண்டு பாகை அகலம்கூட இராது. முன்னால் விரியும் 180 பாகையையும், மேலும் கீழுமாக 30 பாகையையும், பத்துப் பத்துப் பாகையாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஒரு நொடி பார்த்தால், ஒரு சுற்று முடிய 54 நொடி. அதற்குள் 12.5 நொடி நான்கு முறை கழிந்திருக்கும். இந்தக் கணக்கில் மற்ற வேலைகளுக்கு இடமே இல்லை; வேகமானியையும் உயரமானியையும் பார்க்கக்கூட நேரமில்லை. கூடவே கண்ணாடிச் சட்டங்கள் மறைக்கும். செஸ்னா பயிற்சி விமானங்களில் இறக்கை மேலே இருப்பதால் மேலிருப்பது தெரியாது. பைப்பர் பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் இறக்கை கீழே இருப்பதால் கீழிருப்பது தெரியாது. பைப்பர் மேலிருந்து இறங்க, செஸ்னா அதன் அடியில் இறங்க, இருவரும் ஒரே ஓடுபாதையை நோக்கி ஒருவர் மறைவில் ஒருவராக வருவது சிறு விமான நிலையங்களில் பழகிப்போன ஆபத்து. ஆஸ்திரேலிய விமான விபத்து விசாரணை அமைப்பு 1991-இல் இந்தக் குறைகளையெல்லாம் தொகுத்து, ‘பார்த்து விலகு’ நெறியின் எல்லைகள் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

இங்கே கைக்கெட்டும் முதல் பதில், குற்றமே இல்லை என்பது. செய்ய முடியாததைக் கடமை என்று சொல்லக்கூடாது என்ற கொள்கையைக் கான்ட்டின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். காண முடியாததைக் காணவில்லை என்றால் அது இயலாமை, அதில் பழிக்க என்ன இருக்கிறது? இதன் மறுபக்கத்தை 1976-இல் மெய்யியலாளர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் எழுப்பினார்கள். ஒரே அளவு அசட்டையாக வண்டி ஓட்டும் இருவரில் ஒருவர் குறுக்கே மட்டும் யாரோ வந்துவிட்டால் அவரை மட்டும் பழிக்கிறோமே, அப்படியென்றால் அறம் அதிர்ஷ்டத்தின் கையிலா இருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு வாதமும் கூர்மையானவை. ஆனால் இரண்டும் ஒரே இடத்தைத்தான் உற்றுப் பார்க்கின்றன: கண் தவறிய அந்த ஒரு கணத்தை. அந்தக் கணத்தைத் தனியாக வெட்டி எடுத்துத் தராசில் வைத்தால், ஒன்று முழு மன்னிப்பு, இல்லையேல் முழுப் பழி என்ற இரண்டே முடிவுகள்தான் கிடைக்கும். குற்றம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க, இன்னும் சற்றுப் பின்னால் போக வேண்டும். அப்படிப் போனவர்கள் விமானத்தை அறியாதவர்கள், நடந்தே போனவர்கள்.

சமணத்தில் இம்சை என்றால் உயிர் போவது மட்டுமல்ல. உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் அதை வரையறுக்கும்போது, உயிர் போவதற்கு முன்னால் கவனமின்மையை வைக்கிறார். அசட்டையான செயலிலிருந்து வந்தால்தான் அது இம்சை. குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் இதை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோகிறார். கவனமில்லாமல் நடப்பவனுக்கு, உயிர் செத்தாலும் பிழைத்தாலும், இம்சை உறுதி. நெறிப்படி நடப்பவனுக்கு, காலடியில் உயிர் போனாலும் அதனால் மட்டும் பந்தம் இல்லை. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் போற்றும் பாதங்கள் குந்தகுந்தருடையவை என்பது மரபு. நேகலின் புதிருக்கு இங்கே நேரடியான விடை இருக்கிறது. குறுக்கே ஆள் வந்தவனும் வராதவனும் ஒரே அளவு குற்றவாளிகள். அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையில்லை. எனினும் என்னை இந்த மரபிடம் இழுத்துவந்தது வேறொன்று: கவனம் என்றால் என்ன என்று அது சொல்லும் விதம். துறவி நடக்கும்போது நான்கு முழத் தொலைவுக்குத் தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது முதல் சமிதி, அதாவது முதல் கவன ஒழுக்கம். கண்ணை அகலத் திறந்துகொள் என்று சொல்லிவிட்டு இந்த மரபு ஓய்ந்துவிடவில்லை. இருட்டில் நடக்காதே, பலரும் நடந்து தேய்ந்த பாதையில் போ, விரையாதே. மழைக்காலத்தில் மண்ணெல்லாம் உயிர் முளைத்திருக்கும், எவ்வளவு பார்த்தாலும் போதாது, ஆகவே நான்கு மாதம் நடக்கவே நடக்காதே, ஓரிடத்தில் தங்கு. இல்லறத்தாரும் விளக்கில் பூச்சி விழும் என்று பொழுது சாய்வதற்குள் உண்டுவிடும் வழக்கம் இதன் நீட்சிதான். கண்ணின் எல்லையை ஒப்புக்கொண்டு, அந்த எல்லைக்குள் தன் நடையைச் சுருக்கிக்கொள்வதையே கவனம் என்கிறார்கள்.

என் வாதம் இதுதான். காணாமையின் குற்றம் கண்ணில் இல்லை. காணக்கூடிய நிலையையும் காணப்படக்கூடிய நிலையையும் முன்கூட்டி ஏற்படுத்தத் தவறுவதில் இருக்கிறது. ‘பார்த்து விலகு’ என்பதைக் கண்ணுக்கு இட்ட கட்டளையாகப் படித்தால் அது அநியாயம். வேகம், உயரம், வழி, நேரம், பேச்சு எல்லாவற்றுக்கும் இட்ட கட்டளையாகப் படித்தால் நியாயம். சிறு விமான நிலையத்தில் இந்தக் கட்டளைக்கு ஓர் உருவம் உண்டு. அதன் பெயர் சர்க்யூட். தரையிலிருந்து பொதுவாக 1,000 அடி உயரத்தில், வேறு அறிவிப்பு இல்லையென்றால் எல்லாத் திருப்பங்களும் இடப்பக்கமாக, ஓடுபாதைக்கு இணையாகக் காற்றோடு போகும் டவுன்விண்ட், குறுக்கே திரும்பும் பேஸ், இறங்குவதற்கான ஃபைனல் என்று செவ்வகமாகச் சுற்றுகிறார்கள். விமானத்தை இறக்க இந்தச் செவ்வகம் தேவையில்லை. நேராகவே வந்து இறங்கிவிடலாம். எங்கே தேடினால் ஆள் இருப்பார் என்று மற்றவருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே செவ்வகம். 180 பாகையையும் துழாவ வேண்டிய கண்ணுக்கு நான்கைந்து இடங்களைப் பார்த்தால் போதும் என்று ஆகிறது. ஒவ்வொரு முனையிலும் ரேடியோவில் தன் இடத்தைச் சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம் நடத்திய சோதனைகளில், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லப்பட்ட விமானியின் ஒரு நொடித் தேடல், சொல்லப்படாதவரின் எட்டு நொடித் தேடலுக்குச் சமமாக இருந்தது. சமணரின் ஐந்து சமிதிகளில் நடைக்கு அடுத்ததாகப் பேச்சு வருவதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை.

கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் 2022 ஆகஸ்ட் 18-ஆம் தேதி நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். கோபுரமில்லாத நிலையம். ஒரு சிறிய செஸ்னா 152 தரையைத் தொட்டுத் தொட்டு மேலெழும் ‘டச் அண்ட் கோ’ பயிற்சியில் சுற்றிக்கொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று பல மைல் தொலைவிலிருந்து நேராக இறங்க வருவதாக அறிவித்தது. இருவரும் ஒரே அலைவரிசையில், இருவரும் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். பெரிய விமானம் 180 நாட் வேகத்தை ஒட்டி வந்தது; இறங்க வரும் அந்த வகை விமானத்துக்கு அது மிக அதிகம். பின்னால் அது நெருங்கும் வேகத்தைக் கண்ட சிறிய விமானத்தின் விமானி, தான் இறங்காமல் மேலெழுவதாக அறிவித்தார். அதற்குள் மோதிவிட்டது, மூவர் இறந்தார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குறித்த சாத்தியக் காரணம், நேராக இறங்க வந்த இரட்டை எஞ்சின் விமானத்தின் விமானி மற்றதைப் பார்த்து விலகத் தவறியது என்பது. அந்தச் சொற்றொடர் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்திருக்கிறது என்பது என் எண்ணம். அந்த வேகத்தில், சர்க்யூட்டை ஒட்டாத அந்த வழியில் வந்தபோதே காண்பதற்கான நேரம் செலவாகிவிட்டது. காணாமை என்பது செலவழித்துவிட்ட நேரத்தின் கணக்கு. நேராக இறங்குவது சட்டத்துக்குப் புறம்பானதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதே 91.113 இறங்கும் விமானங்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. இறங்க வரும் இரண்டில் தாழ்வாக இருப்பதற்கே முன்னுரிமை என்று கொடுத்துவிட்டு, அந்த உரிமையைப் பயன்படுத்தி மற்றவர் முன்னால் நுழையக் கூடாது என்று உடனே கடிவாளமும் போடுகிறது. உரிமையைக் கொடுத்த சட்டமே அதன் மேல் சாய்ந்துவிடாதே என்று சொல்லும் இடங்கள் அதிகம் இல்லை.

பயிற்சி விமானத்தில் இந்தச் சிக்கல் இன்னும் முறுகுகிறது, ஏனென்றால் அங்கே கவனம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மாணவரின் கண் மானிகளின் மேல். பயிற்றுநரின் கண் மாணவரின் கையின் மேல். மற்றவர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார் என்று இருவரும் நம்பிக்கொள்ளும் அரை நிமிடங்கள் ஒரு மணி நேரப் பாடத்தில் எத்தனையோ வரும். சான் டியாகோவில் 1978 செப்டம்பர் 25-ஆம் தேதி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியில் இருந்த ஒரு செஸ்னா 172-ம் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் போயிங் 727-ம் மோதி 144 பேர் இறந்தார்கள். அது பெரிய நிலையம், கோபுரம் இருந்தது, வானம் தெளிவாக இருந்தது. போயிங் விமானிகளுக்குச் சிறிய விமானம் இருப்பது சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் அதைப் பார்த்தும் இருந்தார்கள். பிறகு அது கண்ணை விட்டுப் போனபோது, கடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். ‘பார்த்தாயிற்று’ என்ற நிம்மதியே கண்ணை மூடிவிடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது. நடுவான் மோதல்களில் பெரும்பாலானவை பகலில், நல்ல வானிலையில், விமான நிலையத்துக்கு அருகிலேயே நடக்கின்றன என்று அமெரிக்க விமானத் துறை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. நேருக்கு நேர் மோதுவது குறைவு. ஒன்றின் பின்னாலிருந்தோ மேலிருந்தோ மற்றது நெருங்குவதே அதிகம். வள்ளுவர் பொச்சாவாமையைத் தனி அதிகாரமாக்கி, அளவுமீறிய மகிழ்ச்சியில் வரும் மறதியை அளவுமீறிய கோபத்தைவிடக் கெட்டதாக வைத்ததன் காரணம் இத்தகைய தெளிந்த பகல்களில் புரிகிறது.

நெறிப்படி நடந்தவர்களும் மோதிக்கொள்கிறார்களே என்பது இந்த வாதத்துக்கு வரக்கூடிய கனமான மறுப்பு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மங்களூர் என்ற சிறு நிலையத்துக்கு அருகே, 2020 பிப்ரவரி 19 அன்று, இரண்டு இரட்டை எஞ்சின் பயிற்சி விமானங்கள் மோதி நால்வரும் இறந்தார்கள். ஒன்று புறப்பட்டு ஏறிக்கொண்டிருந்தது, மற்றது இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் கருவி விதிகளின்படி பறந்தன. மற்றதைப் பற்றிய தகவலைக் கட்டுப்பாட்டாளர் இருவருக்கும் தந்திருந்தார். கட்டுப்பாடில்லாத வான்பகுதி என்பதால், விலகிப்போகும் பொறுப்பு விமானிகளுடையது. தகவல் கிடைத்தபின் அவர்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசி இடைவெளியை ஏற்படுத்திக்கொள்ளவில்லை என்றும், மோதும் ஆபத்து உணரப்படாததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் விசாரணை சொன்னது. இறந்தவர்களை இங்கே கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குந்தகுந்தரின் அளவுகோலின்படி அவர்கள் நெறிக்குள்தான் இருந்தார்கள். இந்த விபத்து காட்டுவது வேறு. காணக்கூடிய நிலையை ஏற்படுத்துவது விமானி ஒருவரால் மட்டும் முடிவதில்லை. ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் வராதபடி வான்பகுதியை வகுப்பவர், பயிற்சி நேரங்களை அடுக்கும் பள்ளி, கருவி வாங்கப் பணம் ஒதுக்கும் அரசு எல்லோரும் அந்த நடையின் பகுதி. துறவிக்கு மழைக்கால விரதம் தனிமனித முடிவு இல்லை, சங்கத்தின் ஒழுங்கு. ஒருவன் மட்டும் தங்கி மற்றவர்கள் நடந்தால் மண்ணிலுள்ள உயிருக்கு என்ன பயன்?

கருவி என்றதும் எழும் மறுப்பு, இதையெல்லாம் எந்திரத்திடம் விட்டுவிடலாமே என்பது. தன் இடத்தை நொடிக்கொரு முறை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியும், மற்றவர்களின் ஒலிபரப்பைத் திரையில் காட்டும் அதன் ஏற்பியும் வந்துவிட்டன. மங்களூர் விபத்துக்குப் பிறகு ஆஸ்திரேலிய அரசு அவற்றை வாங்கச் சிறு விமான உரிமையாளர்களுக்கு மானியமும் தந்தது. வரவேற்க வேண்டியதே. எந்திரம் வந்தால் மனிதக் கவனம் மழுங்கும், திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே வெளியே பார்க்க மறப்பார்கள் என்று பழைய விமானிகள் அலுத்துக்கொள்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஒலிபரப்பாத விமானம் திரையில் வராது என்பது இன்னொரு பாதி. ஆனால் திகம்பரத் துறவி கையில் மயிற்பீலி ஏந்துவதை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் துறந்தவர் அதைத் துறக்கவில்லை. உட்காரும் இடத்தைப் பீலியால் மெல்ல வருடிவிட்டுத்தான் உட்கார்கிறார். அது அவருடைய கவனத்தின் கருவி, கவனத்துக்கு மாற்று அல்ல. திரையும் அப்படித்தான். எங்கே பார்க்கவேண்டும் என்று சொல்லிக் கண்ணை எட்டு மடங்கு கூர்மையாக்கும். பார்க்கும் வேலை மட்டும் பாக்கி நிற்கும். இதில் ஒலிபரப்பியை நான் ஏற்பிக்கு மேலே வைப்பேன். தான் காண்பதற்காக வாங்குவது தன் நலம், தன்னைப் பிறர் காணும்படி செய்வது கடமை.

வானம் பெரிது, யாரும் யாரோடும் மோத மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் விமானிகளிடையே உண்டு. நடுக்கடல் மேல் அது கணக்காகவே சரி. ஆனால் விமான நிலையம் என்பதே அந்தப் பெரிய வானத்தை ஒரு கீற்று ஓடுபாதையாகச் சுருக்கும் இடம். எல்லோரும் அதே புள்ளிக்கு, அதே உயரம் வழியாகத்தான் வந்தாக வேண்டும். விபத்து நடந்தபின் இதே நம்பிக்கை தலைகீழாகி, எழுதி வைத்தது நடந்தது என்று பேசும். எல்லாம் நியதியே என்ற ஆசீவகரோடு சமணக் காப்பிய நாயகி நீலகேசி வாதிட்டது நினைவுக்கு வருகிறது. சமணர் ஊழை மறுப்பவர்கள் இல்லை. ஆயினும் முயற்சிக்கு இடமே இல்லை என்ற நிலையை அவர்களால் ஏற்க முடியவில்லை. ஊழ் பேச்சு இறந்தவரின் வீட்டில் ஆறுதலாக இருக்கலாம். அடுத்த சனிக்கிழமை அந்த சர்க்யூட்டில் நுழையப்போகிறவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

கடைசியாக ஒன்று. குற்றத்தை இப்படிப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் குற்றவாளிகள் ஆகிவிட மாட்டார்களா? மாட்டார்கள், இந்த நெறி தண்டிக்கும் அளவுக்கே விடுதலையும் செய்கிறது. வேகத்தைக் குறைத்து, சர்க்யூட்டை ஒட்டி, இடத்தைச் சொல்லி, விளக்கைப் போட்டுப் பறந்த மாணவர், தன் இறக்கைக்கு மேலே மறைந்து வந்த விமானத்தைக் காணவில்லை என்றால், அவர் மேல் பழி இல்லை என்று தயங்காமல் சொல்ல வேண்டும். விசாரணை அறிக்கைகளின் நோக்கம் பழி பிரிப்பதல்ல என்று உலக விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு சொல்வதும் இதற்கு ஒத்துவருகிறது. கடினமான வழக்கு வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் கோபுரமில்லாத பெரும்பாலான நிலையங்களில் ரேடியோ இல்லாமலே பறக்கலாம். மின்னமைப்பே இல்லாத பழைய பைப்பர் கப் விமானங்களை ஆசையோடு பேணிப் பறப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் அவர்களுக்கு இடம் தருகிறது, அந்த விமானங்கள் அழகானவையும்கூட. அவர்களைத் தடைசெய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில், காலி வானத்தில், சர்க்யூட்டைப் பிசகாமல் சுற்றுபவர் மேல் ஒரு குறையும் இல்லை. நான்கு மாணவர்கள் டச் அண்ட் கோ அடித்துக்கொண்டிருக்கும் வாரயிறுதிப் பிற்பகலில், பேசவும் கேட்கவும் வழியில்லாத ஒரு விமானத்தை அந்தச் செவ்வகத்துக்குள் கொண்டுவருகிறவர், அன்று யார் மேலும் மோதாமல் இறங்கி விமானத்தைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போனாலும், இம்சை செய்தவர்தான்.